எத்தனை கூட்டம் என்று கேட்காதீர்கள், எத்தனை கூடு என்று கேளுங்கள்

காட்டுயிர்களைக் காக்க ஊர் மக்களிடையே நடத்தப்படும் எந்த இயக்கத்தின் ஆண்டறிக்கையையும் எடுத்துப் புரட்டுங்கள். நடத்திய கூட்டங்கள் இத்தனை, அச்சடித்த துண்டறிக்கைகள் இத்தனை, ஓவியப் போட்டியில் கலந்துகொண்ட மாணவர்கள் இத்தனை, உறுதிமொழி எடுத்தவர்கள் இத்தனை என்று பட்டியல் நீளும். பதாகையைப் பிடித்தபடி நிற்கும் குழுப்படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். யாருக்காக இவ்வளவும் நடந்ததோ அந்தப் பறவை, அந்த ஆமை, அந்த ஏரி இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு வரியைத்தான் தேட வேண்டியிருக்கும்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி சத்தியமங்கலம், தாளவாடி பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் கழிந்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளைக் காப்பதற்கான கூட்டங்கள் பலவற்றில் பேசியிருக்கிறேன். பேசி முடித்த பிறகு ஊருக்குள் என்ன நடந்தது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓர் இயக்கம் தொடங்கும் முன்பே, என்ன மாற வேண்டும், எவ்வளவு மாற வேண்டும், எந்த எல்லைக்குள், எந்தத் தேதிக்குள் என்பதை எழுதிவைக்க வேண்டும். தொடங்கும் நாளில் நிலைமை என்ன என்பதை அளந்து வைத்திருக்க வேண்டும். பிறகு அதே முறையில் திரும்பத் திரும்ப அளந்து, வந்த எண்ணிக்கை நல்லதோ கெட்டதோ, ஊரறியச் சொல்ல வேண்டும். மாட்டுக்குக் காய்ச்சல் ஊசி போடும் முன் வெப்பமானி வைத்துப் பார்க்கிறோம். போட்ட பிறகும் பார்க்கிறோம். பாதுகாப்பு இயக்கங்களில் ஊசி மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

எண்ணி வைத்ததால் தெரிந்த பேரழிவு

பாறு கழுகுகளின் கதையே எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1987-88இல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணினார். 353 இணைகள் என்று குறித்துவைத்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் பாறு கழுகு அரிய பறவை அல்ல. செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் கூட்டமாக வந்து இறங்கும். அதைப் போய் ஏன் எண்ண வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கலாம். 1996இல் அதே பூங்காவில் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவாகவே இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஒரு கூடுகூட மிஞ்சவில்லை.

வட இந்தியச் சாலைகளிலும் இதே கதைதான். 1990களின் தொடக்கத்தில் வண்டியில் சென்றபடியே இரைகொல்லிப் பறவைகளை எண்ணிய வழித்தடங்கள் இருந்தன. அதே வழித்தடங்களில் 2000, 2002, 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் எண்ணினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் அழிந்துபோயிருந்தன. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று. முதல் எண்ணிக்கை இல்லாமல் போயிருந்தால், ‘முன்பெல்லாம் நிறைய இருக்கும், இப்போது காணோம்’ என்று பெரியவர்கள் திண்ணையில் பேசும் பேச்சாக இது முடிந்திருக்கும். எந்த அரசும் அந்தப் பேச்சை வைத்து ஒரு மருந்தைத் தடை செய்யாது.

காரணம் என்ன என்பதிலும் முதலில் தடுமாற்றம்தான். ஏதோ தொற்றுநோய் என்றே பலர் நினைத்தார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்தது. மாடுகளுக்கு வலி நீக்கியாக நாங்கள் போட்டுவந்த டைக்ளோஃபினாக்தான் அது. அந்த மருந்து போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதன் சடலத்தைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் ஈரலின் மீதும் இதயத்தின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்துவிடுகிறது.

ஒரு சதவீதத்துக்கும் கீழே

இதற்கடுத்து ஆய்வாளர்கள் செய்த ஒரு கணக்குதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாறுகள் இவ்வளவு வேகமாக அழிய எத்தனை சடலங்களில் இந்த நஞ்சு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் இருந்தாலே போதும் என்று விடை வந்தது. பாறுகள் கூட்டமாக உண்பவை. ஒரு மாட்டுச் சடலத்தைச் சுற்றிப் பல பறவைகள் அமரும். எனவே ஒரு நஞ்சுச் சடலம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும்.

இந்தக் கணக்கு வந்ததும் இலக்கு தானாகவே தெளிவாகிவிட்டது. ‘மருந்தின் பயன்பாட்டைக் குறைப்போம்’ என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. சடலங்களில் அந்த மருந்து ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்கியாக வேண்டும்.

இந்திய அரசு 2006இல் கால்நடை பயன்பாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. தடைக்கு முன்பும் பின்பும் பல மாநிலங்களில் இறந்த மாடுகளின் ஈரல் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். தடைக்கு முன்பு ஏறக்குறைய 11 சதவீத மாதிரிகளில் மருந்து இருந்தது. தடைக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு 6.5 சதவீதத்தில் இருந்தது. இலக்கு எழுதிவைக்காத இயக்கம் இதைப் பெரிய வெற்றியாக மேடையில் அறிவித்திருக்கும். ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கிறதே! ஆனால் இலக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்பது தெரிந்திருந்ததால், 6.5 என்ற எண் எச்சரிக்கை மணியாக அடித்தது. தடை செய்த மருந்து எந்த வழியாக மாட்டுக்குள் போகிறது என்று தேட வைத்தது.

விடை மருந்துக்கடையில் கிடைத்தது. 2007க்கும் 2010க்கும் இடையே 11 மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளுக்கு, மாட்டுக்கு வலி ஊசி வேண்டும் என்று கேட்டு ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபினாக் கிடைத்தது. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பிகளில் வந்துகொண்டிருந்தது. மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஆதாரம் கையில் இருந்ததால்தான், 2015இல் மனித டைக்ளோஃபினாக் ஊசி மருந்து 3 மில்லி ஒற்றைக் குப்பியில் மட்டுமே விற்கப்பட வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. அதை எதிர்த்து வழக்கு வந்தபோது, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. துண்டறிக்கைகளால் இது நடந்திருக்காது.

சந்தை நாளில் ஒரு மருந்துக்கடை

அந்தக் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய காலம். எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பாறு கழுகு விழிப்புணர்வுக் கூட்டம் சிறப்பாக நடந்தது. மாணவர்கள் பாறு வேடமிட்டு நடித்தார்கள். கால்நடை வளர்ப்போர் கைதட்டினார்கள். நானும் எந்த மருந்து ஆகாது, எது ஆகும் என்று விளக்கிப் பேசினேன். கூட்டத்தை நடத்திய அமைப்பின் அறிக்கையில் ‘பெருந்திரளான மக்கள் பங்கேற்பு’ என்று பதிவானது.

அடுத்த சந்தை நாளில், கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவரை அந்த ஊர் மருந்துக்கடைக்கு அனுப்பினேன். நான் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “எங்க வீட்டு மாடு எந்திரிக்க மாட்டேங்குதுங்கண்ணா, வலி ஊசி ஒண்ணு வேணுங்க” என்றார் மாணவர். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. “கன்னு போட்ட மாடுங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மேல் தட்டிலிருந்து 30 மில்லி குப்பி ஒன்றை எடுத்து, ஊசியும் சிரிஞ்சும் சேர்த்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் டைக்ளோஃபினாக். கடையின் பக்கச் சுவரில், நாங்கள் ஒட்டிய பாறு கழுகு சுவரொட்டி பசை காயாமல் இருந்தது.

கடைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் கூட்டத்துக்கு வரவே இல்லை. அவரை யாரும் அழைக்கவும் இல்லை. நாங்கள் யாரிடம் பேசினோமோ அவர்கள் கையில் அந்தக் குப்பி இல்லை. யார் கையில் இருந்ததோ அவரிடம் நாங்கள் பேசவே இல்லை. அந்தக் கடையில் அன்று வாங்கிப் பார்க்காமல் விட்டிருந்தால், இன்னும் நான்கு ஊர்களில் அதே நாடகத்தைப் போட்டிருப்பார்கள். வாங்கிப் பார்த்ததால், அடுத்த கூட்டம் அந்த வட்டாரத்து மருந்துக்கடைக்காரர்களுக்கும், ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுபவர்களுக்கும் என்று மாறியது. ஒரு சிறிய அளவீட்டுக்கு இவ்வளவு வேலை செய்யும் ஆற்றல் உண்டு.

மாடு வளர்ப்பவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கன்று போட்ட மாடு படுத்துவிட்டால், அந்த வீட்டின் அன்றாட வருமானமே படுத்துவிடுகிறது. மூன்று நாள் காய்ச்சலோ மடி நோயோ எதுவானாலும், ஊசி போட்ட கையோடு மாடு எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். “ஏனுங்க டாக்டரு, பழைய ஊசி போட்டா சாயங்காலமே எந்திரிச்சிருமுங்க, இது என்னங்க இப்பிடி மெதுவா வேல செய்யுது?” என்று மெலாக்சிகாம் போட்ட என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கில்லாதது என்று சோதனைகளில் உறுதிசெய்யப்பட்ட மருந்து. அதை இவர் ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்பதைக் கூட்டத்தில் கைதூக்கச் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. மருந்தகத்தின் சிகிச்சைப் பதிவேட்டிலும் இருப்புப் பதிவேட்டிலும் தெரிந்துகொள்ளலாம். இந்த மாதம் போட்ட வலி ஊசிகளில் எத்தனை மெலாக்சிகாம் என்ற கணக்கை எடுக்க ஒரு பைசா செலவில்லை. அந்தப் பதிவேடுகள் ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

கூடியது பறவையா, எண்ணிய கண்களா?

மருந்துக்கடை முதல் படி என்றால், மாட்டின் உடல் இரண்டாம் படி. கூடுதான் கடைசிப் படி. மோயாற்றின் கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் எஞ்சியுள்ள பாறுகளின் முக்கியப் புகலிடம் முதுமலை, சத்தியமங்கலம் வனப்பகுதிகளை இணைக்கும் இந்தப் பள்ளத்தாக்கும், அதை ஒட்டிய கர்நாடக, கேரளக் காடுகளும்தான். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. மொத்தம் 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் மீண்டும் எடுத்தபோது 320. வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு 4, மற்ற இரண்டு இனங்களில் ஒவ்வொன்று.

மூன்று மாநிலமும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியது பாராட்டத்தக்க முன்னேற்றம். தனித்தனியாக எண்ணினால், காலையில் முதுமலையில் பார்த்த பறவையை மதியம் பந்திப்பூரில் இன்னொருவர் எண்ணிவிடுவார். ஆனால் ‘பத்து மாதத்தில் 74 பாறுகள் அதிகரிப்பு’ என்று செய்தி வந்தபோது, ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். பாறு ஓர் ஆண்டில் ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஐந்தாண்டு போல ஆகும். 246 பறவைகள் பத்து மாதத்தில் குஞ்சு பொரித்தே 320 ஆகியிருக்க வழியில்லை. எண்ணப் போன இடங்கள், ஆட்களின் பயிற்சி, கூடு கட்டும் பருவம் ஆகியவற்றில் எது மாறினாலும் எண்ணிக்கை மாறும். எனவே உயர்வைக் கண்டு மகிழும் முன், ஒவ்வொரு முறையும் அதே இடங்கள், அதே பருவம், அதே நேரம், அதே முறை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இடங்களைக் கூட்டினால், பழைய இடங்களின் எண்ணிக்கையைத் தனியாகவும் சொல்ல வேண்டும்.

இன்னும் நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. கார்த்திகை, மார்கழியில் கட்டிய கூடுகளில் எத்தனையில் குஞ்சு பொரித்தது, கோடையில் எத்தனை குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்தன என்பதே அது. பறவை பல நூறு கிலோமீட்டர் அலையும். கூடு அங்கேயேதான் இருக்கும். அதை அந்தப் பகுதியில் மாடு மேய்ப்பவர்களும் பழங்குடி இளைஞர்களும் எங்களைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். எந்த மரத்தில் எந்த வாரம் எச்சம் வெள்ளையடித்தது, எப்போது தாய்ப்பறவை வருவது நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக நியமித்தால், மக்கள் பங்கேற்பு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைக்கும்.

எல்லையும் இலக்கின் ஒரு பகுதிதான். பாறுகளுக்கான பாதுகாப்பு மண்டலம் என்பது கூடுகளைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரம், ஏறத்தாழ 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு என்று உலக அளவில் வகுத்திருக்கிறார்கள். மோயாற்றிலிருந்து அந்த வட்டத்தைப் போட்டால் கோவையும் மைசூருவும் உள்ளே வந்துவிடுகின்றன. ‘மலையடிவாரத்தில் பத்து கிராமங்களில் விழிப்புணர்வு’ என்ற திட்டம் அந்த வட்டத்தில் ஒரு புள்ளி. எல்லையை முதலிலேயே எழுதிவைத்திருந்தால், வேலை எவ்வளவு பெரியது என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

செய்ய முடியுமா என்றால், முடியும் என்று நேபாளம் காட்டியிருக்கிறது. அங்கும் 2006இல்தான் தடை வந்தது. அங்கே மருந்துக்கடைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ரகசியமாகச் சோதித்தார்கள். டைக்ளோஃபினாக் ஏறக்குறைய மறைந்த பிறகு, 2017 முதல் காப்பிடத்தில் வளர்த்த பாறுகளைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். ஒரு பறவை இறந்தால் கருவி காட்டிக்கொடுக்கும். உடலைத் தேடி எடுத்துக் காரணத்தைச் சோதிக்கலாம். நேபாளத் தாழ்நிலங்களில் பாறுகளின் வீழ்ச்சி நின்று எண்ணிக்கை மீளத் தொடங்கியிருக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பத்தாண்டுக்கு மேலாக ஒரே முறையில் எண்ணியிருந்ததால்தான் அவர்களால் அப்படிச் சொல்ல முடிந்தது.

கண்காணிப்பு ஓயவும் கூடாது. டைக்ளோஃபினாக் போனால் அசிக்ளோஃபினாக் வரும். அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. அதேபோல் ஆபத்தான இன்னொரு வலி நீக்கியான கீட்டோபுரோஃபென்னும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல்தான் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. நிமசுலைடு என்ற மற்றொரு வலி நீக்கிக்கு 2024 டிசம்பர் இறுதியில்தான் தடை வந்தது. முதல் மருந்துக்கும் கடைசி மருந்துக்கும் இடையே 18 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கடைகளையும் சடலங்களையும் சோதித்துக்கொண்டே இருந்தவர்களால்தான் ஒவ்வொரு மாற்று மருந்தின் ஆபத்தும் வெளியே வந்தது.

எதிர்ப்புகளுக்குப் பதில்

இதையெல்லாம் சொன்னால் மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, ‘எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை.’ துண்டறிக்கைக்கும் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், பல அமைப்புகளுக்கு அளவிடுவதற்குப் போதும். மருந்தகப் பதிவேடு, ஊராட்சிப் பதிவேடு, வனத்துறைப் பீட் பதிவேடு என்று பாதி வேலை ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது.

இரண்டாவது, ‘மனமாற்றத்தை எப்படி அளப்பது?’ மனம் மாறினால் கை மாறும். பாறு கழுகைக் காக்க வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. ‘உங்கள் பட்டியில் கடைசியாகச் செத்த மாட்டை என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். புதைத்தாரா, காட்டோரம் போட்டாரா, புலி அடித்த மாட்டில் கோபத்தோடு விஷம் வைத்தாரா, சாவதற்கு முன் என்ன ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். கூட்டத்துக்கு முன் ஒரு முறையும், ஆறு மாதம் கழித்து ஒரு முறையும், கூட்டம் நடக்காத பக்கத்து ஊரிலும் இதையே கேட்டால் கூட்டத்தின் பலன் விளங்கிவிடும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது: ‘இலக்கு வைத்தால் கணக்கை ஒப்பேற்றுவார்கள்.’ அரசுத் துறையில் இருந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். செயற்கைக் கருவூட்டலுக்கு மாத இலக்கு உண்டு. ஊசி போட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லா மாதமும் நிறைவேறியதாகவே தெரியும். பிறந்த கன்றுகளையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மை வரும். மாடு வளர்ப்பவருக்கு வேண்டியதும் கன்றுதான். அதனால்தான் செயலை எண்ணுவதோடு நிறுத்தாமல் விளைவை எண்ணச் சொல்கிறேன். வேலை செய்பவரும் எண்ணுபவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை நம்பாமல், கடை, சடலம், கூடு என்று ஒன்றையொன்று சரிபார்க்கும் மூன்று எண்கள் வேண்டும். ஒன்றில் பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இது பாறு கழுகுக்கு மட்டுமான சேதியும் இல்லை. மரக்கன்று நடும் விழாவில் நட்ட கன்றுகளைச் சொல்கிறார்கள். மூன்றாவது கோடையைத் தாண்டி உயிரோடு நிற்பவை எத்தனை? ஏரிக்கரையில் புதைத்த பனை விதைகளில் குருத்துவிட்டவை எத்தனை? சீமைக் கருவேலத்தை அகற்றிய கண்மாயில், அகற்றும் முன்பைவிட எத்தனை நாள் கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது? சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் கடலில் விடப்படும் ஆமைக் குஞ்சுகளின் எண்ணிக்கை செய்தியாகிறது. 2025 ஜனவரியில் அதே கடற்கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆண்டுக்கணக்கில் வளர்ந்து முட்டையிட வந்த தாய்களை இழுவலைகளில் பறிகொடுத்துவிட்டு, குஞ்சுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது முழுக்கணக்கு ஆகாது. ஒதுங்கிய சடலங்களும், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலைப் படகுகள் நுழைந்த தடவைகளும் அதே அறிக்கையில் இருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2022இல் பாறு கழுகுப் பாதுகாப்புக்கென மாநில அளவிலான குழுவை அமைத்தது. அந்தக் குழுவிடம் வைக்கும் கோரிக்கை எளியது. நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு பக்கத்தில், தமிழில் கணக்கு வெளியிடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த கடைகள் எத்தனை, தடை செய்த மருந்து கிடைத்தவை எத்தனை? கால்நடை பராமரிப்புத் துறை போட்ட வலி ஊசிகளில் பாதுகாப்பானவை எத்தனை சதவீதம்? சோதித்த சடலங்கள் எத்தனை, நஞ்சு இருந்தவை எத்தனை? வனத்துறை பார்த்த கூடுகள் எத்தனை, பறந்த குஞ்சுகள் எத்தனை? பக்கத்தில் சென்ற ஆண்டின் எண்ணும், அடுத்த ஆண்டின் இலக்கும். காடோரத்து ஊராட்சிகளின் கிராம சபையில் அந்தப் பக்கத்தை வாசிக்கச் செய்யுங்கள். தங்கள் ஊரின் கணக்கைக் கேட்ட மக்கள், அடுத்த ஆண்டு அதைப் பற்றிக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் அரசு நிதியிலிருந்தும் பாதுகாப்பு இயக்கங்களுக்குப் பணம் தருபவர்களுக்கும், அவற்றைப் பற்றி எழுதும் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புகைப்படத்தை வாங்கிக்கொள்ளும் முன், தொடக்கத்தில் என்ன இருந்தது, என்ன ஆக வேண்டும் என்று எழுதினீர்கள், இப்போது என்ன இருக்கிறது, எண்ணியது யார் என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைந்திருக்கிறது, எங்கள் முறை பலிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லும் அமைப்பு, அடுத்த ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும் அமைப்பு. கெட்ட எண்ணிக்கையோடு வருபவருக்கு நிதியை நிறுத்தாதீர்கள். எண்ணிக்கையே இல்லாமல் வருபவருக்கு நிறுத்துங்கள்.